போர்க்களத்தினின்று மீண்ட பரஞ்சோதியார்

உலகத்து மக்கள் செய்யுந் தொழில்கள் பலவற்றுள்ளும், முடிந்த பின்னரும் செய்தானை விடாது பற்றி நிற்பது போர்த்தொழில். உழவன் பொழுது சாய்ந்தவுடன் ஏரை அவிழ்த்து இல்லம் புகுவான். வணிகன் கணக்கை முடித்துக் கடையைக் கட்டுவான். போர்மறவனோ படைக்கலத்தைக் கீழே வைத்த பின்னும் போரினின்று நீங்கினான் அல்லன். வென்றவனாயின் செருக்கும், தோற்றவனாயின் பகையும், இரண்டையும் கடந்து எண்ணிப் பார்க்க வல்லவனாயின் தன் கையாற் பட்ட உயிர்களைப் பற்றிய நடுக்கமும் அவனைத் தொடர்ந்து வரும். ஆகலின் போர்க்குச் செல்லுதல் அரிது. போரினின்று மீண்டு, இல்லிற் புகுந்து, உண்டும் உறங்கியும் மனைவி மக்களொடு வாழ்தல் அதனினும் அரிது.

இவ்வரிய செயலை, இறைவன் திருவருள் ஒன்றனையே பற்றுக்கோடாகக் கொண்டு செய்து காட்டியவர் ஒருவர் நம் அறுபத்துமூவருள் உளர். அவரே சிறுத்தொண்ட நாயனார். அவர் வரலாற்றைச் சொல்லுவோர் பெரும்பாலும் பிள்ளைக்கறி அமுதிட்ட செய்தியில் தொடங்கி அதனோடே முடித்து விடுவர். அதன் முன்னர் நிற்கும் பகுதி, அஃதாவது அவர் பெரும்படைத் தலைவராய்ச் சென்று மீண்டு ஊர்புகுந்து வாழ்ந்த வாழ்க்கை, போதிய அளவு எண்ணப்படுவதில்லை. முன்னதை உணராக்கால் பின்னதன் பொருள் விளங்காது என்பது எமது கருத்து. ஆதலின் அதனையே ஈண்டுச் சிறிது விரித்துரைக்கப் புகுந்தாம்.

ஊரும் தோற்றமும்

சோழவளநாட்டுக் காவிரித் தென்கரைத் தலங்களுள் ஒன்று திருச்செங்காட்டங்குடி. இந்நாளில் அது திருவாரூர் மாவட்டத்தில் நன்னிலத்திற்கு அண்மையில், திருப்புகலூர், திருமருகல் என்னும் தலங்களுக்கு அருகே உள்ளது. அவ்வூர்த் திருக்கோயிலுக்குக் கணபதீச்சரம் என்பது பெயர். விநாயகப் பெருமான் கயமுகாசுரனைக் கொன்றபோது பெருகிய குருதியாற் காடு செந்நிறம் எய்தினமையின் செங்காடு என்னும் பெயர் உண்டாயிற்று என்றும், போர் முடிந்தபின் அப்பெருமான் அவ்விடத்தே சிவலிங்கம் நிறுவி வழிபட்டமையின் கோயிற்குக் கணபதீச்சரம் என்னும் பெயர் உண்டாயிற்று என்றும் தலவரலாறு கூறும். அவுணனை அழித்தல் உலகிற்கு நலமே. அந்நலஞ் செய்த மூத்த பிள்ளையாரும் போர் முடிந்தவுடன் வெற்றிவிழாக் கொண்டாடாது வழிபாட்டில் அமர்ந்தார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. நம் நாயனார் பிறந்து வளர்ந்ததும், போரினின்று மீண்டு வாழ்ந்ததும் இவ்வூரிலேயே.

அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் பரஞ்சோதியார் என்பது. குலம் மாமாத்திரர் குலம். ஆயுள்வேதமும், வடநூற்கலைகளும், படைக்கலப் பயிற்சியும், யானையேற்றமும் குதிரையேற்றமும் அவர் முறையாகக் கற்றார். உயிரைக் காக்கும் நூலும் உயிரைப் போக்கும் நூலும் ஆகிய இரண்டனையும் ஒருவரே கற்றமை கருதத்தக்கது. கலைகள் பலவும் கற்றுத் தெளிந்து முடிவாக அவர் கண்ட பொருள் சிவபெருமான் திருவடியே என்று சேக்கிழார் பெருமான் உணர்த்துகின்றார். அடியார்க்குத் தொண்டு செய்தலும் அவர்க்கு இளமை தொட்டே இயல்பாயிருந்தது. போர்க்களத்தில் அஞ்சி, அச்சத்தாற் கடவுளைப் பற்றியவர் அல்லர் அவர். கடவுளைப் பற்றிய பின்னரே போர்க்களம் புகுந்தவர்.

அவர் அரசனது படைத்தலைவராகி, யானைமேல் ஏறிச் சென்று பகைவரை வென்று, மன்னனுக்கு மிக அணுக்கராயினார். அம்மன்னன் பெயரைச் சேக்கிழார் கூறிற்றிலர். ஆயினும் வாதாபியை அழித்த செய்தியால் அவன் பல்லவர்கோன் முதலாம் நரசிம்மவர்மன் என்று வரலாற்றாசிரியர் துணிந்தனர்.

வாதாபிப் போர்

அப்போரின் காரணத்தைச் சுருங்கக் கூறுவாம். வாதாபி என்பது இக்காலத்துக் கருநாடக மாநிலத்துப் பாகல்கோட்டை மாவட்டத்தில் பாதாமி என வழங்கும் ஊர். செந்நிறப் பாறைகள் சூழ்ந்த அரணுடையது. கி.பி. 543-இல் முதலாம் புலிகேசி அங்கே கோட்டை அமைத்த செய்தி அப்பாறையிலுள்ள கல்வெட்டால் அறியப்படும். அவன் வழியில் வந்த இரண்டாம் புலிகேசி தெற்கே பல்லவர்மேற் படையெடுத்துக் காஞ்சி மதிலளவும் வந்ததையும், காவிரியைக் கடந்ததையும் கி.பி. 634-இல் பொறிக்கப்பெற்ற ஐகொளெக் கல்வெட்டுப் புகழ்ந்து பேசுகின்றது. காவிரி நாட்டில் வாழ்ந்தார்க்கு அப்படையெடுப்புக் கேள்விச் செய்தி அன்று. கண்ணெதிரே நிகழ்ந்த துன்பம்.

மகேந்திரவர்மனுக்குப் பின் அரசெய்திய நரசிம்மவர்மன் காலத்தும் புலிகேசி மீண்டும் வந்தான். பரியளம், மணிமங்கலம், சூரமாரம் என்னும் இடங்களில் நரசிம்மவர்மன் அவனைப் புறங்கண்டான் என்று கூரம் செப்பேடு கூறும். பின்னர்ப் பல்லவர் படை வடக்கே சென்று துங்கபத்திரையைக் கடந்து, கி.பி. 642-இல் வாதாபியைக் கைப்பற்றி அழித்தது. பல்லவன் பெயர் பொறித்த சிதைந்த கல்வெட்டொன்று அவ்வூர்ப் பாறையில் உளது. வாதாபிகொண்டான் என்னும் சிறப்புப் பெயர் நரசிம்மவர்மனுக்கு உரியதாயிற்று. வாதாபி என்னும் அசுரனை அழித்த அகத்திய முனிவரோடு அவனை ஒப்பிட்டுக் காசாக்குடிச் செப்பேடு பாராட்டும்.

செப்பேடுகள் வெற்றியை அரசன் பெயரால் எழுதின. களத்தில் நின்று அதனை முடித்தவர் நம் பரஞ்சோதியார் என்பதைப் பெரியபுராணம் ஒன்றே நமக்கு அறிவிக்கின்றது. தொன்மையான அந்நகர் அவராற் பொடியாயிற்று என்றும், மணிகளும் நிதிக்குவைகளும் யானைகளும் குதிரைகளும் எண்ணிறந்தன கொணர்ந்து அரசன்முன் வைத்தார் என்றும் அது கூறும். அங்கிருந்து விநாயகர் திருவுருவம் ஒன்றனை அவர் கொணர்ந்து தம் ஊரில் எழுந்தருளுவித்தார் என்று செவிவழி வழக்கொன்று உண்டு. முத்துசாமி தீட்சிதரது கீர்த்தனையால் வாதாபி கணபதி என்னும் பெயர் நாடெங்கும் பரவியுள்ளது. எனினும் சேக்கிழார் இச்செய்தியைக் கூறாமையின், யாம் அதனை வழக்கென்ற அளவிலேயே நிறுத்துகின்றோம்.

அரசன் நடுக்கமும் அடியார் விடையும்

இனி, இவ்வரலாற்றின் நடுநாயகமாகிய இடத்திற்கு வருவாம்.

வென்று வந்த தலைவரது ஆற்றலை மன்னன் வியந்து பேசினான். அப்போது உண்மை அறிந்த அமைச்சர், இவர் சிவபெருமான் திருவடித் தொண்டில் உறைத்து நிற்பவர் ஆதலின் இவர்க்கு எதிர் நிற்பார் எவரும் இலர் என்று விளங்க உரைத்தனர். அது கேட்ட மன்னன் மகிழ்ந்தானல்லன், நடுங்கினான். சிவனடியார் ஒருவரை அவர் தன்மை அறியாது கொடிய போர்முகத்திற்கு ஏவினேமே என்று உளங்கலங்கி, எம்பெருமானே பொறுத்தருளல் வேண்டும் என்னும் பொருள்படக் கூறித் தன் படைத்தலைவரையே வணங்கினான்.

படையை ஏவும் அரசர்கள் வெற்றியைத் தமக்கு உரிமையாக்கி, அதன் சுமையைப் படைஞர் தலையில் ஏற்றிவிடுதல் உலகியல்பு. இம்மன்னனோ வெற்றிச் செய்தி கேட்ட நாளிலேயே, யாரை எதன்பொருட்டு அனுப்பினோம் என்று தன்னைத்தான் வினவிக்கொண்டான். ஏவினவனுக்கும் வினையிற் பங்குண்டு என்பதை அவன் நெஞ்சம் அறிந்திருந்தது.

பரஞ்சோதியார் என் செய்தார்? மன்னன் வணங்குமுன் தாம் அவனை வணங்கி, என் மரபிற்கு உரிய தொழிலை யான் செய்தேன். அதனால் வரும் தீங்கு யாது என்ற அளவில் விடை கூறி அமைந்தார். இச்சிறு விடையை அன்பர்கள் ஊன்றி நோக்குதல் வேண்டும். தாம் வென்றதாக அவர் செருக்கிற்றிலர். தம்மை ஏவிய அரசன்மீது பழி சுமத்திற்றிலர். ஐயோ கொன்றேனே என்று அரசவையில் அரற்றவும் இல்லை. மூன்றும் மனிதர்க்கு இயல்பாக எழக்கூடியவை. மூன்றனுள்ளும் யான் என்னும் முனைப்பு ஒளிந்து நிற்கும். செருக்கிலே அது வெளிப்படையாக நிற்கும். பழி சுமத்துதலிலே முகத்தை மாற்றி நிற்கும். அரற்றுதலிலே துயரமென்னும் போர்வையைப் போர்த்து நிற்கும். இம்மூன்றற்கும் இடங்கொடாது, செய்ததைச் செய்ததென ஏற்று, அதன் பயனை இறைவன்பால் விடுத்து நின்றார் பரஞ்சோதியார்.

அற்றேல், மரபுத் தொழிலென்று சொல்லிவிடின் கொலையால் வரும் வினை தீர்ந்துவிடுமோ என்று வினவுவார் உளர். தீராது. கொலை கொலையே. அதனை நல்வினையென்று சைவ நூல் எதுவும் ஓதாது. ஆயினும் வினை எவ்வாறு உயிரைப் பற்றுகின்றது என்பதைச் சித்தாந்த நூல்கள் நுணுக்கமாக ஆராய்ந்துள்ளன. யான் செய்தேன், எனக்காகச் செய்தேன் என்னும் பற்றே வினையை ஆகாமியமாக ஏற்றி மேற்பிறவிக்கு வித்தாக்குவது. இறைவனோடு ஒற்றித்து அவன் பணியில் நிற்கும் உயிரை மலமும் மாயையும் வல்வினையும் தாக்கா என்பது சிவஞானபோதப் 10-ஆம் சூத்திரத்தின் கருத்து. அன்பின்றித் தக்கன் இயற்றிய பெருவேள்வி தீமையாய் முடிந்தமையையும், அன்பாற் சண்டேசுரர் செய்த செயல் நன்மையாய் முடிந்தமையையும் சிவஞானசித்தியார் எடுத்துக்காட்டும். செயலின் வடிவை மட்டும் நோக்காது, செய்வானது நெஞ்சம் எங்கே நின்றது என்று நோக்குக என்பது அதன் கருத்து.

எனினும் இதனைக் கேட்ட அளவிலே, இறைவன் பெயரைச் சொல்லி எதனையும் செய்யலாம் என்று ஒருவன் துணிவானாயின், அவன் இறைபணியில் நின்றவன் ஆகான். தன்பணியில் நின்று இறைவன் பெயரைக் கேடயமாகப் பிடித்தவனே ஆவான். இருவரையும் வேறுபடுத்தி அறியும் வழி யாதெனின், போர் முடிந்தபின் அவர் எவ்வாறு வாழ்ந்தார் என்பதே. பரஞ்சோதியாரது நெஞ்சம் எங்கே நின்றது என்பதற்கு அவரது பின்வாழ்க்கையே சான்று.

மன்னனும் அவர் கருத்தை உணர்ந்து, குறைவிலா நிதியங்கள் அளித்து, இனி என் பணியை விடுத்து நும் மெய்த்தொண்டைச் செய்க என்று விடைகொடுத்தான். போரினின்று மீள்வார்க்கு வாயாற் சொல்லும் புகழ் மட்டும் போதாது. இல்லம் நடத்தப் பொருளும், வேறு வாழ்க்கை தொடங்க உரிமையும் வேண்டும். அவ்விரண்டனையும் அம்மன்னன் அளித்தமை, ஆள்வோர் யாவரும் கற்கத்தக்க பாடம்.

இல்லம் புகுந்த வாழ்க்கை

பரஞ்சோதியார் செங்காட்டங்குடிக்கு மீண்டார். மலைமேலேறித் தவஞ் செய்தாரல்லர். துறவுக்கோலம் பூண்டு நாடெங்கும் அலைந்தாரும் அல்லர். கணபதீச்சரத்துப் பெருமானை முன்போலவே வணங்கித் தொண்டு செய்து, திருவெண்காட்டு நங்கையார் என்னும் நற்குணச் செல்வியாரை மணந்து இல்லறம் நடத்தினார். போரைக் கண்டு மீண்டார் பலர்க்கு ஊரும் உறவும் சிறியவாய்த் தோன்றும். சோறு சமைத்தலும், விருந்தை எதிர்நோக்குதலும், குழந்தைக்குச் சடங்கு செய்தலும் பொருளற்றவையாய்த் தோன்றும். இவர்க்கோ அச்சிறு செயல்களே சிவபூசையாயின.

நாள்தோறும் அடியார்க்கு அறுசுவையோடு அமுதூட்டிய பின்னரே தாம் உண்பது என்னும் நியமத்தை அவர் மேற்கொண்டார். இந்நியமத்தின் அருமையைப் படைத்தலைவராயிருந்தவர் ஒருவர் மேற்கொண்டதாக வைத்து எண்ணிப் பார்த்தல் வேண்டும். படைத்தலைவன் எதனையும் தன் ஏவலில் வைத்து நடத்துபவன். எந்நாளிற் புறப்படுதல், எவ்வழியிற் செல்லுதல், உணவு எத்துணை, நீர் எங்கே என்பன யாவும் அவன் முன்னரே வகுத்துக்கொள்வன. அடியாரை ஊட்டிய பின்னரே உண்பேன் என்று கொண்டவனோ அந்நாளைய உணவையே தன் கையினின்று விட்டவன். அடியார் வருவதும் வாராமையும் அவன் ஏவலில் இல்லை, வரவிடுபவன் இறைவன். நகரங்களை வளைத்தவர் தம் வீட்டு வாயிலில் நின்று ஒருவர் வரவை நோக்கிப் பசித்திருந்தார். வாராத நாளில் தாமே தெருத்தோறும் சென்று தேடினார். இறைவனை நம்புதல் என்பது பெருந்துன்பம் வந்தபோது மட்டும் எழும் உணர்ச்சி அன்று. நாள்தோறும் உண்ணும் ஒருவேளைச் சோற்றையும் அவன் கையில் விட்டுக் காத்திருக்கும் பழக்கம் அது. இப்பழக்கத்தாலேயே, எல்லாம் என் ஏவலில் என்னும் பழைய பயிற்சி அவர்பால் நாளடைவில் தேய்ந்தது எனக் கொள்வாம்.

அடியார் முன்னிலையில் தம்மை மிகச் சிறியராக வைத்து ஒழுகினமையின், பரஞ்சோதியார் என்னும் பெயர் வழக்கொழிந்து சிறுத்தொண்டர் என்னும் பெயர் நிலைத்தது. அரசவை அவர்க்கு அளித்திருக்கத்தக்க பட்டங்கள் எத்துணையோ. அவற்றுள் ஒன்றேனும் இன்று எவர்க்கும் தெரியாது. ஊர்மக்கள் அன்பால் இட்ட இச்சிறு பெயரோ சுந்தரமூர்த்தி நாயனார் திருத்தொண்டத் தொகையில் ஏறி, ஆயிரத்தாண்டுக்கு மேலாகத் திருக்கோயில்தோறும் ஓதப்பட்டு வருகின்றது.

அவர்க்குச் சீராளதேவர் என்னும் மைந்தர் பிறந்தார். மூன்றாம் ஆண்டில் மயிர்வினை மங்கலஞ் செய்து பள்ளியில் அமர்த்தினார். அந்நாளில் திருஞானசம்பந்தப் பிள்ளையார் செங்காட்டங்குடிக்கு எழுந்தருளினார். சிறுத்தொண்டர் எதிர்கொண்டு தம் இல்லத்திற்கு அழைத்துச் சென்று வணங்கிப் போற்றினார். ஆண்டில் இளையராகிய பிள்ளையார் திருவடியில், பகைமன்னர் பலரை வணங்கச் செய்த முடி வணங்கிற்று. பிள்ளையாரும் கணபதீச்சரத் திருப்பதிகத்துள் சிறுத்தொண்டரது பெயரை அமைத்துப் பாடியருளினார். இதனால் நாயனார்க்குச் சிறப்பு உண்டாயிற்று. நமக்கு வரலாற்றுப் பயனும் உண்டாயிற்று. பிள்ளையார் காலத்தில் சிறுத்தொண்டர் வாழ்ந்தமை அத்திருப்பதிகத்தாலும், சிறுத்தொண்டர் வாதாபியை வென்றமை பெரியபுராணத்தாலும் பெறப்படுதலின், பிள்ளையாரது காலம் கி.பி. 7-ஆம் நூற்றாண்டு என்று ஆராய்ச்சியாளர் உறுதிசெய்தற்கு இது பெருந்துணையாயிற்று.

இறைவன் வந்த நாள்

இவ்வாறு இல்லறம் நிகழும் நாளில் சிவபெருமான் வயிரவக் கோலங்கொண்டு, வடநாட்டினின்று வருவார்போலச் செங்காட்டங்குடிக்கு வந்தருளினார். அன்று அடியார் எவரும் வாராமையின் சிறுத்தொண்டர் தேடிப் புறஞ்சென்றிருந்தார். மனையிலிருந்த சந்தனத்தாரும் திருவெண்காட்டு நங்கையாரும் வேண்டியும், ஆடவர் இல்லா மனையில் தங்கேம் என்று மறுத்து, கணபதீச்சரத்து ஆத்திமரத்தின் கீழ் இருப்பதாகச் சொல்லிச் சென்றார். மீண்டுவந்த சிறுத்தொண்டர் செய்தி கேட்டு விரைந்து சென்று, அமுது செய்தருள வேண்டினார். ஆறு திங்களுக்கு ஒருமுறையே உண்பதாகவும், உண்பது மானிடப் பசுவென்றும், அது ஐந்து வயதினதாய், உறுப்பிற் குறைவிலதாய், ஒருகுடிக்கு ஒருமகவாய் இருத்தல் வேண்டுமென்றும், தாய் பிடிக்கத் தந்தை அரிய, இருவரும் மனமுவந்து சமைத்த கறியையே உண்பதென்றும் வயிரவர் கூறினார். எம்பெருமான் அமுது செய்யப்பெறின் அரியது ஒன்றுமில்லை என்ற கருத்தோடு நாயனார் மனைக்கு மீண்டார்.

பின் நிகழ்ந்தனவற்றை அன்பர்கள் அறிவர். பொருள் எத்துணை கொடுப்பினும் தம் மகவை இதற்குத் தருவார் உலகில் இலர் என்று கணவனும் மனைவியும் கலந்து எண்ணித் தம் மைந்தரையே அளிக்கத் துணிந்தனர். பள்ளியினின்று தந்தையார் தோள்மேல் எடுத்து வந்தார். தாயார் திருமஞ்சனம் ஆட்டினார். அப்புறம் நிகழ்ந்ததை விரித்தெழுத எம் கை எழவில்லை. திருக்கடவூர் உய்யவந்ததேவ நாயனார் திருக்களிற்றுப்படியாரில் இச்செயலை எளிய செயலென மறைத்துக் கூறாது, வல்வினை என்னும் வகையிலேயே வைத்தோதினார். ஆதலின் இதன் கடுமையைக் குறைத்துப் பேசுதல் நம்மவர்க்கு மரபன்று.

இதனைக் கொடுமையென்று இகழ்வாரும் உளர்; நாமும் இவ்வாறு செய்தல் தகுமோ என மயங்குவாரும் உளர். முன்னையோர்க்கு யாம் கூறுவது: பெற்ற மகவை அரிதல் எளிதாயின் இவ்வரலாறு புராணத்தில் இடம்பெறாது. இச்செயலின் அருமையால் அன்றோ இது கூறப்பட்டது. பின்னையோர்க்குக் கூறுவது: கேட்டவன் உயிரைப் படைத்தவன், கேட்டதைத் திருப்பியளிக்கவும் வல்லவன். அவன் ஒருமுறை ஓர் அன்பரிடத்து ஆடிய திருவிளையாடல் பிறர்க்கு விதியாகாது. எவரும் இதனைப் பின்பற்ற முயலுதல் பெரும்பாதகமே ஆம்.

அமுது படைத்தபின் வயிரவர் உடனுண்ண நும் மைந்தனை அழைமின் என்றார். அவன் இப்போது உதவான் என்று நாயனார் கூறியும் அவர் விட்டிலர். வேறு செய்வது அறியாது, இருவரும் புறம்போந்து, இல்லாத மகனைப் பெயர் சொல்லி அழைத்தனர். இவ்விடமே வரலாற்றின் உச்சியென்று யாம் கருதுகின்றோம். அரிந்தது உறுதியினாற் செய்த செயல். அழைத்ததோ உறுதியும் அற்றுப்போன இடத்தில் நிகழ்ந்தது. அறிவு இல்லையென்கின்றது, கண் இல்லையென்கின்றது, ஆயினும் அடியார் சொற்படி வாய் திறந்து அழைத்தனர். சீராளர் பள்ளியினின்று ஓடிவரும் பிள்ளைபோல ஓடிவந்தார். தாயார் வாரி எடுத்துத் தழுவினார். உள்ளே சென்று நோக்க வயிரவரைக் காணவில்லை; கறியமுதையும் காணவில்லை. பெருமான் உமையம்மையாரோடும் முருகக் கடவுளோடும் விடைமேற் காட்சி கொடுத்து, நாயனாரையும் மனைவியாரையும் மைந்தரையும் சந்தனத்தாரையும் தம்மோடு பிரியாதிருக்க அழைத்துச் சென்றருளினார்.

சேக்கிழார் வெளிப்படக் கூறாத ஒன்றனை யாம் எமது எண்ணமாக மட்டும் இங்கே வைக்கின்றோம். வாதாபி மதிலின்கீழ் வீழ்ந்தவர் யாவரும் ஒருவர்க்கு மைந்தரே. அவருள் ஒருகுடிக்கு ஒருமகவாய் இருந்தாரும் உண்டு. அவர்தம் தாய்மார் வாயிலில் நின்று பெயர் சொல்லி அழைத்திருப்பர். அழைத்த குரலுக்கு எவரும் ஓடிவந்திலர். அரசன் பணியிற் போனவை மீளவில்லை. அப்போரை முடித்தவரது இல்லத்திற்கே இறைவன் வந்து, பிள்ளையை இழத்தல் இன்னதென்பதை முழுதும் உணர்த்தி, பின் தன் அருளால் அவ்விழப்பைத் துடைத்தான். படைத்தலைவராய் அவர் கையிற் படிந்திருந்த எஞ்சிய வினை ஏதேனும் உண்டாயின், அது அன்று அடியோடு கழிந்தது என்று கொள்ளுதல் சித்தாந்தத்திற்கு முரணாகாது. நுகர்வினையையும் அடியார்க்கு இறைவன் விரைவிற் கழிப்பித்து ஆட்கொள்வான் அன்றோ.

எஞ்சி நிற்பது

வாதாபி வெற்றி எத்துணைக் காலம் நின்றது? கி.பி. 655 அளவிற் புலிகேசியின் மைந்தன் விக்கிரமாதித்தன் அந்நகரை மீட்டுக்கொண்டான். கி.பி. 674-இல் அவனே படையொடு சோழநாடு புகுந்து காவிரிக்கரை உறையூரில் தங்கியிருந்தமையை அவனது கத்வால் செப்பேடு தெரிவிக்கின்றது. பல்லவரும் மீண்டும் பொருதனர். ஒருவர் அழித்ததை ஒருவர் கட்ட, கட்டியதை மற்றொருவர் அழிக்க, இருகுலத்தரசும் பின்னர் மறைந்தன. செங்காட்டங்குடியில் ஒரு சிறு மனையில் நிகழ்ந்த அமுதூட்டலோ ஆண்டுதோறும் சித்திரைத் திங்களில் விழாவாக நிகழ்கின்றது. சித்திரைப் பரணியில் நாயனாரது குருபூசை சைவர் வாழும் இடந்தோறும் நடைபெறுகின்றது.

1914 முதல் 1918 வரையிலும், 1939 முதல் 1945 வரையிலும் நிகழ்ந்த உலகப் போர்களினின்றும், அவற்றின் பின்னர்ப் பலநாடுகளில் நிகழ்ந்த போர்களினின்றும் மீண்டவர் எண்ணிறந்தோர். உடற்புண் ஆறியும் உளப்புண் ஆறாது, இரவில் உறக்கமின்றியும், உற்றாரோடு பேச்சின்றியும் அவருட் பலர் வருந்துகின்றனர். அன்னார்க்கு வேண்டும் மருத்துவத்தையும் ஆதரவையும் உலகம் குறைவற அளித்தல் கடமை. அதனொடு, மீண்டவர் கைக்கொள்ளத்தக்க நெறி ஒன்று நாயனார் வாழ்க்கையிற் கிடைக்கின்றது. நிகழ்ந்ததை மறைக்கவும் வேண்டா, அதனையே நினைந்து மாயவும் வேண்டா. இறைவன் திருவடியில் வைத்துவிடுக. பெரியதொரு செயலாற் பழைய செயலை ஈடுசெய்வேன் என்று தேடவேண்டா. வாயிலில் வந்த ஒருவர்க்குச் சோறிடுக. நாளை வருவாரை இறைவன் அனுப்புவான் என்று நம்பி அடுப்பை மூட்டுக. அவ்வடுப்பின் நெருப்பில் போர்க்களத்து நெருப்பு மெல்ல மெல்ல அவியும்.

வேடத்தாற் சிறந்த அடியாரையும் திருக்கோயிலையும் அரனெனவே தொழுதல் வேண்டும் என்பது சிவஞானபோத 12-ஆம் சூத்திரத்தின் கருத்து. அதனை நூலாகக் கற்றார் நம்முட் பலர். கற்பதற்கு முன்னரே, வாளேந்திய கையால் அன்னம் பரிமாறி அதனை வாழ்ந்து காட்டியவர் சிறுத்தொண்டர். அப்பெருமான் திருவடிகளை நினைந்து, நம் இல்லங்களிலும் அடியார் வரவை எதிர்நோக்கி இருப்போமாக.

திருச்சிற்றம்பலம்.